பொழுதுபோக்குப் புகைப்படமும் உபரி வருமானமும்

ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்ற பிலிம் காலத்தில், காமிராவின் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு செலவாகவே இருந்தது. சுருள் வாங்கவும், கழுவவும், அச்சிடவும் தனித்தனியே பணம் தேவைப்பட்டது. மின்னணுக் காமிராவும் கைப்பேசியும் இந்நிலையை மாற்றிவிட்டன. கூடுதலாக ஒரு படம் எடுக்க ஆகும் செலவு இன்று ஏறக்குறைய பூஜ்யமே. ஆசிரியர், எழுத்தர், மாணவர், இல்லத்தரசி எனப் பலதரப்பினரும் நல்ல படங்களை எடுத்துச் சேர்த்து வருகின்றனர். இவற்றை விற்றுப் பொருளீட்ட இயலுமா என்ற வினா எழுவது இயல்பே.

இயலும். ஆனால் செலவு குறையும்போது அளிப்புப் பெருகும். அளிப்புப் பெருகும்போது விலை வீழும் என்ற பொருளாதார விதி இங்கும் செயற்படுகிறது. ஆகவே தம்மிடம் உள்ள பொருள் எது, அதில் அரிதானது எது என்பதைப் பொழுதுபோக்குக் கலைஞர் முதலில் உணர வேண்டும்.

விற்கப்படுவது எது?

புகைப்பட வாணிபத்தில் பெரும்பாலும் விற்கப்படுவது படமன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமையே. ஒரே படம் ஒரு பாடநூலின் அட்டைக்கும், ஒரு வங்கியின் நாட்காட்டிக்கும், ஒரு வார இதழின் கட்டுரைக்கும் தனித்தனியே பயன்படலாம். உரிமை எடுத்தவரிடமே இருக்குமாயின் ஒவ்வொரு பயனுக்கும் கட்டணம் பெறலாம். முழு உரிமையையும் ஒரு சிறு தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பிற்காலப் பயன் அனைத்தும் வாங்கியவரையே சேரும். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சட்டம் தரும் பாதுகாப்பு

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் உரிமை பொதுவாக அதனை எடுத்தவருக்கே உரியது. பதிவு செய்தல் கட்டாயமன்று; படம் எடுக்கப்பட்டபோதே உரிமை பிறந்துவிடுகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், இவ்வுரிமை எடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. எனவே இது வாரிசுகளுக்கும் பயன்தரும் சொத்தாகும்.

ஆயினும் ஒரு முக்கிய விலக்கு உண்டு. பிறர் கேட்டுக்கொண்டபடி ஊதியம் பெற்று எடுக்கும் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், ஊதியம் தந்தவரைச் சேரும். திருமண விழாவில் பணம் பெற்று எடுத்த படத்தை விளம்பரத்திற்கு விற்க எடுத்தவருக்கு உரிமை இல்லாமற்போவது இதனால்தான்.

உரிமை மாற்றம் எழுத்து மூலமாகவே செய்யப்பட வேண்டும் என்பது மற்றொரு பாதுகாப்பு. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுகளுக்கு மட்டும் எனவும், பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியாவிற்குள் மட்டும் எனவும் சட்டம் கொள்கிறது. படம் எது, பயன் எது, காலம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்னும் நான்கையும் குறிக்கும் ஒரு பக்கக் கடிதம் பெரும் இழப்பைத் தடுக்கும். போட்டிகளுக்குப் படம் அனுப்புவோரும் விதிகளை முழுமையாகப் படித்தல் அவசியம். அனுப்பிய எல்லாப் படங்களையும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையை அமைப்பாளருக்கு அளிக்கும் விதி அவற்றில் இடம்பெற்றிருக்கலாம்.

சந்தையின் நிலை

2000-ஆம் ஆண்டில் கனடாவில் தோன்றிய ஐஸ்டாக்போட்டோ, 2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக் போன்ற இணையப் படக் களஞ்சியங்கள் பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. கூடவே விலையையும் தாழ்த்தின. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், எடுத்தவரின் பங்கு 15 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை கூடக்கூட 40 சதவீதம் வரை உயரும். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் மீண்டும் முதற்படிக்கே திரும்பும். படம் ஒன்றுக்குக் குறைந்தபட்சத் தொகை 10 சென்ட். இக்குறைந்தபட்ச அளவிலேயே விற்பனை நிகழுமாயின், 100 டாலர் ஈட்ட ஒருவரின் படங்கள் 1,000 முறை விற்றாக வேண்டும். இதனை நம்பி வேலையைத் துறப்பதோ, கடன் வாங்கி விலையுயர்ந்த காமிரா வாங்குவதோ அறிவுடைமையாகாது.

2022-ஆம் ஆண்டு முதல் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்படும் படங்களும் போட்டிக்கு வந்துள்ளன. சூரிய உதயம், மலர், கைகுலுக்கல் போன்ற பொதுப் படங்களை இனி எவரும் சில நொடிகளில் உருவாக்கிக்கொள்ளலாம்.

அரிதானது எது?

ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில், உண்மையாக நிகழ்ந்ததற்குச் சான்றாக நிற்கும் படத்தை எந்திரம் தர இயலாது. பொழுதுபோக்குக் கலைஞரின் முதலீடு இங்கேதான் உள்ளது. அவர் தம் வட்டாரத்தை அறிவார். ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறார்.

பீகாரின் மிதிலைப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள குளங்களில் மக்கானா விளைகிறது. 2022-இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குளத்தடியிலிருந்து விதையைத் திரட்டுதல், உலர்த்துதல், வறுத்துப் பொரித்தல் என்ற பணிகளை அவ்வூர் ஆசிரியர் ஒருவர் வரிசையாகப் படமெடுத்து, இடம், மாதம், கருவி, வேலை ஆகியவற்றைக் குறித்துவைத்தால், அத்தொகுப்பு வேளாண் இதழுக்கும், பாடநூல் வெளியீட்டாளருக்கும், ஏற்றுமதியாளருக்கும் தேவைப்படும். ‘குளத்தில் ஒரு மனிதர்’ என்ற தலைப்புடன் கூடிய தனிப்படம் எத்துணை அழகாயினும் அத்தகைய மதிப்பைப் பெறாது. உள்ளூர்க் கைத்தொழில், பயிர், திருவிழா, நீர்நிலை ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும்.

அனுமதியும் வரியும்

அடையாளம் தெரியும் மனிதரின் படத்தை விளம்பரத்திற்கு விற்க, அவரது எழுத்து மூலமான இசைவைப் பெறுதல் வேண்டும். சிறார் எனில் பெற்றோரின் இசைவு தேவை. கட்டடங்களிலும் கவனம் வேண்டும். மும்பை தாஜ்மகால் பேலஸ் ஓட்டலின் தோற்றம் 2017-இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது.

அயல்நாட்டிலிருந்து கிடைக்கும் உரிமைத் தொகையும் இந்தியாவில் வரிக்குரிய வருமானமே. அமெரிக்க நிறுவனங்களிடம் உரிய வரிப் படிவத்தை நிரப்பித் தந்தால், அங்கு நிகழும் விற்பனையில் 30 சதவீதத்திற்குப் பதிலாக, இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதமே பிடிக்கப்படும். மத்திய அரசு ஊழியர்கள் எப்போதாவது செய்யும் கலைப்பணிக்கு முன் அனுமதி பெற வேண்டியதில்லை. எனினும் 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள்படி ஒரு மாதத்திற்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். வாணிபமாகவே நடத்த முன் அனுமதி அவசியம்.

மூலக் கோப்புகளைப் பாதுகாத்தல், எடுத்த அன்றே விவரம் எழுதுதல், எழுத்தின்றி உரிமை வழங்காதிருத்தல் ஆகிய மூன்றும் செலவற்ற பழக்கங்கள். இவற்றைக் கைக்கொள்வோருக்குப் புகைப்படம் பெருஞ்செல்வம் தராவிடினும், ஆண்டுதோறும் சிறிது வளரும் ஓர் உடைமையாக அமையும்; நாட்டின் வாழ்க்கையைப் பற்றிய நம்பத்தக்க ஆவணமும் அதனால் பெருகும்.