யூரியாவும் நிக்கலும்

நாம் வயலுக்கிடும் யூரியா பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே உண்டாகிறது. அவ்வாயுவிலுள்ள மீதேனை நீராவியுடன் கலந்து, ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நிக்கல் வினையூக்கியின் மீது செலுத்துவர். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த தொகுப்பு வாயு கிடைக்கும். இந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள நைட்ரஜனுடன் கூடி அம்மோனியாவாகிறது. அம்மோனியா கரியமில வாயுவுடன் சேர்ந்து யூரியாவாகிறது.

நிக்கல் கட்டியாக இருப்பின் அதன் மேற்பரப்பு மட்டுமே பயன்படும். ஆகவே, நுண்துளைகள் நிறைந்த அலுமினாவில் அதனைச் சிறு துகள்களாகப் படியவைக்கின்றனர். கந்தகம் சிறிதளவு சேர்ந்தாலும் நிக்கல் செயலிழக்கும். நீராவி குறைந்தால் கரி படிந்து துளைகள் அடைபடும்.

இத்துணை முயற்சியால் விளைந்த யூரியாவை மண்ணின் மேலே தூவிவிட்டு வாளாவிருந்தால், அதில் ஒரு பகுதி மீண்டும் அம்மோனியாவாகிக் காற்றில் கலந்துவிடும். உழவர் பெருமக்களே, மண் பரிசோதனையால் அளவறிந்து, மண்ணுடன் கலந்து இடுவோமாக!