இண்டர்வியூவுக்குப் போகும் முன்...
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் இண்டர்வியூவுக்கு நான் ஆடைப் பாதியை மட்டும் தயார் செய்துகொண்டு போனேன். அந்தப் பாதியும் உருப்படியாக இல்லை! ஜூனியர்களுக்காவது உதவட்டும் என்று பேரவை நண்பர்கள் கேட்டதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு கேன்டீனில் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இண்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், என்ன கேட்பார்கள் என்று கேட்பதற்கு நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். அதில் வந்த எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த 1000 ரூபாயில் 450 கொடுத்து, முதல் நாள் சாயங்காலம் ரோட்டுக்கடையில் கருநீலச் சட்டை ஒன்று வாங்கினேன். காலையில் கவரைப் பிரித்து அப்படியே மாட்டிக்கொண்டு கோவை பஸ் ஏறினேன்.

ஏப்ரல் மாத வெயில், நின்றுகொண்டே பயணம். வேர்த்துக் கொட்டியது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தேன், அதே கர்ச்சீப்பால் முகத்தையும் துடைத்தேன். கம்பெனி பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தால் கழுத்து நீலம், கன்னத்தில் ஒரு கோடு நீலம்! பயோடேட்டாவின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை நீலத்தில் அழகாக விழுந்திருந்தது.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். முதல் கேள்வியே, "அப்பா என்ன பண்றார்?"

"பிசினஸ் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. முன்கூட்டி யோசித்து வைத்த பொய் அல்ல. வாயில் வந்துவிட்டது. "என்ன பிசினஸ்?" "டெக்ஸ்டைல்ஸ் சார்." "எக்ஸ்போர்ட்டா, லோக்கலா?" நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அவர் என் காலரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரி தம்பி, வெர்னியர் காலிப்பரோட லீஸ்ட் கவுண்ட் சொல்லு" என்றார். பாயிண்ட் ஜீரோ டூ என்றேன். "அது எப்படி வந்தது?" என்றார். லேபில் எத்தனை முறை கையில் பிடித்திருப்பேன்! ஆனால் மனசு அந்தப் பொய்யிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

ராத்திரி அப்பா கொடியில் கிடந்த என் பனியனைப் பார்த்தார். வெள்ளை பனியன் நீலமாக இருந்தது. ஒன்றும் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சட்டையின் உள்பக்கத்தில் நாலு தேய் தேய்த்துக் காட்டினார். துணியில் நீலம் ஏறியது. "இதுதான் ரப்பிங். பட்டறையில சாயம் நிக்குதா நிக்கலையான்னு இப்படித்தான் பார்ப்போம். ஒரு தடவை அலசாம கலர் சட்டையைப் போடுவாங்களா கண்ணு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனல்ல" என்றார்.

'பிசினஸ்' சமாச்சாரத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த மலரைத் தங்கச்சி வீட்டில் படித்துக் காட்டுவாள். அப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த இண்டர்வியூவுக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. அம்மா தன் கம்பெனிக் கணக்கில் சொல்லிக் கொடுத்தார். "பீஸைக் கையில எடுத்தா மொதல்ல கழுத்தைப் பார்ப்போம், அப்புறம் தையல், கடைசியா பிசிறு. உன்னையும் அப்படித்தான் பார்ப்பாங்க." சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பொத்தானுக்கு அடியில் தொங்கிய நூல்களை எல்லாம் வெட்டினார். வெளிர் நிறச் சட்டை, அடர்ந்த நிற பேன்ட், பாலிஷ் போட்ட பழைய ஷூ, இவ்வளவுதான். ஷூ வாங்கப் பணம் இல்லாதவர்கள் சீனியரிடம் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் முதல் நாளே போட்டு நடந்து பாருங்கள். கடித்தால் இண்டர்வியூ முழுக்க கால்தான் ஞாபகம் வரும்.

டை வேண்டுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நம் ஒர்க் ஷாப்பில் லேத் முன்னால் டையோடு நிற்க விடுவார்களா? சுற்றும் சக்கில் தொங்கும் துணி சிக்கினால் ஆளையே இழுக்கும் என்று முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். நம்மை எடுக்க வருகிறவர்களும் ஷாப் ஃப்ளோர் ஆட்கள்தான். இண்டர்வியூ முடிந்ததும் 'வா, மெஷினைப் பார்' என்று உள்ளே கூட்டிப் போவதும் உண்டு. கைப்பட்டன் போட்ட சட்டை போதும். மணிக்கட்டில் தொங்கும் கயிறும் விரலில் மோதிரமும் வேண்டாம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சுடிதார் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி, பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு போனாள். ஏன் இப்படி என்று அவர்களே கேட்டார்களாம். காரணம் சொன்னதும் சேஃப்டியில் இரண்டு கேள்வி கேட்டு வேலை கொடுத்துவிட்டார்கள். அவள் கெட்டிக்காரி.

சான்றிதழ் விஷயம் உங்களுக்கே தெரியும். ஒரிஜினல் தனி, ஜெராக்ஸ் தனி, இரண்டு போட்டோ, எழுதுகிற பேனா.

இனி பாடம். புதிதாகப் படிப்பதை விட, கையில் தொட்டதற்குக் காரணம் சொல்லப் பழகுங்கள். நான் மாட்டிக்கொண்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மெயின் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை வெர்னியரில் 50 சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். அப்போது வெர்னியரில் ஒரு பாகம் 0.98 மி.மீ. மெயின் ஸ்கேலில் ஒரு பாகம் 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.02. அவ்வளவுதான் விஷயம்! மைக்ரோமீட்டரில் திம்பிள் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்கிறது, அதில் 50 கோடுகள், எனவே 0.01. கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் தெரிவதும் வாயில் வருவதும் வேறு வேறு.

இரண்டாவது இண்டர்வியூ ஒரு பம்ப் கம்பெனியில், அப்ரண்டிஸ் இடத்துக்கு. (1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் திருத்தம் கொண்டு வந்துதான் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தார்கள். நமக்கு ஒரு வருடப் பயிற்சி. தெற்கு மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.) முந்தின ராத்திரி அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி கயிறு மாதிரி சுற்றுவதையும், அதைச் சாயத்தண்ணியோடு நாசில் வழியாகத் தள்ளும் பம்பையும் காட்டினார். சீல் போனால் எந்தப் பக்கம் ஒழுகும் என்று தொட்டுக் காட்டினார். மூன்று வருஷத்தில் அந்த மெஷினை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை!

அதே கேள்விதான் வந்தது. "அப்பா என்ன பண்றார்?"

"சாயப்பட்டறையில வேலை சார். சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டறார்."

உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "2011-ல பட்டறையை எல்லாம் மூடினாங்களே, அப்ப என்ன பண்ணினார்?" நொய்யல் மாசுக்காக அந்த ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவு போட்டபோது நான் சின்னக் குழந்தை. அப்பா சித்தாள் வேலைக்குப் போனார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். இப்போது கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்றார். சுத்திகரித்து, ஆர்.ஓ.வில் விட்டு, வரும் தண்ணியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள் என்றேன். இங்கிலீஷில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். "சொல்லுப்பா" என்றார்.

"மோட்டார் ஓடுது, பம்ப் தண்ணி தூக்கலை. என்ன பார்ப்பே?" பிரைமிங் செய்திருக்கிறதா, ஃபுட் வால்வு ஒழுகுகிறதா, சக்‌ஷன் லைனில் காற்று இழுக்கிறதா, மோட்டார் திசை மாறிச் சுற்றுகிறதா என்று வரிசையாகச் சொன்னேன். திசை மாறினால் என்ன செய்வாய் என்றார். மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுப்பேன் என்றேன். கடைசியில் கார்னோ சைக்கிள் படம் போடச் சொன்னார்கள். "மறந்துடுச்சு சார்" என்றேன். ஃபேனைப் பார்க்கவில்லை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. சட்டையை அம்மா துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். வெளிர் சந்தன நிறம், சைஸ் 38. அடுத்த வாரம் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கொண்டு போகிறான். அதற்கு அப்புறம் வேண்டுகிறவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள்.