ஈஸ்டர் தீவு: சிலைகளும் கட்டுக்கதைகளும்

சிலியின் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில் தனியே கிடக்கிறது ராப்பா நூயி. 1722-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி யாக்கோப் ரோகவீன் வந்து சேர்ந்ததால் ஈஸ்டர் தீவு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பரப்பு வெறும் 163 சதுர கிலோமீட்டர். கதைகளுக்குத்தான் பஞ்சமில்லை.

‘அங்கே நிற்பவை வெறும் தலைகள்.’ படம் பார்த்து வந்த நினைப்பு இது. சிலை வெட்டிய ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் மண் சரிந்து பல சிலைகளைக் கழுத்தளவு மூடிவிட்டது. தோண்டினால் மார்பும், வயிற்றின் மேல் படிந்த நீண்ட விரல்களும் தெரியும். மேடையேறிய சிலைகளுக்குக் கண்ணும் வைத்தார்கள்: வெள்ளைவிழி பவளம், பாவை சிவப்புக்கல். 1978-இல் அனகேனா கடற்கரையில் அப்படியொரு கண் கிடைத்தது.

‘மனிதர்களால் இதெல்லாம் ஆகாது, வேற்றுக்கிரகவாசிகள்தான்.’ பாதியில் நின்ற சிலைகள் இன்னும் பாறையோடு ஒட்டியபடியே கிடக்கின்றன. செதுக்கிய கல்லுளிகளும் பக்கத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எப்படி நகர்த்தினார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. சிலைகள் நடந்து வந்தன என்று தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற ஆய்வாளர்கள் நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள நகல் சிலை ஒன்றை வார்த்துப் பார்த்தார்கள். 18 பேர், மூன்று கயிறு. இரு பக்கமும் மாறி மாறி இழுக்க, முகம் குப்புற விழாமல் ஒரு கூட்டம் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சிலை ஆடி அசைந்து அடியெடுத்து வைத்தது. மரச்சறுக்கில்தான் இழுத்தார்கள் என்று வாதாடுவோர் இன்றும் உண்டு.

‘குடியேறியவர்கள் தென் அமெரிக்கர்கள்.’ தோர் ஹெயர்டால் என்ற ஆய்வாளர் 1947-இல் கோன்-டிக்கி தெப்பத்தில் கடலைக் கடந்தது இதை நிறுவத்தான். தெப்பம் கரை சேர்ந்தது, கருத்து சேரவில்லை. கி.பி. 1200 வாக்கில் மேற்கிலிருந்து வந்த பாலினேசியர்களே தீவு மக்களின் முன்னோர் என்கின்றன மொழியும் மரபணுவும். அமெரிக்கத் தொடர்பு பிற்பாடு உண்டானது.

நம்மவர்களுக்குப் பிடித்த கதையும் உண்டு. தீவின் ரோங்கோரோங்கோ எழுத்து சிந்துவெளி எழுத்தின் உறவு என்று 1932-இல் ஹெவெஷி என்பவர் கிளப்பிவிட்டார். சிந்துவெளி நகரங்கள் சரிந்து 3,000 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தத் தீவில் மனிதன் கால் வைத்தான்.

‘சிலை வெறியில் காட்டை அழித்து, பட்டினியில் அடித்துக்கொண்டு மாண்டார்கள்.’ உலகெங்கும் பாடமாகவே ஓதப்படும் கதை. பனங்காடு அழிந்தது உண்மை. கோடரி ஒருபுறம் வெட்ட, படகில் வந்த எலிகளும் விதைகளைக் கொறித்தன. அதற்காக மக்கள் ஓய்ந்துவிடவில்லை. எரிமலைக் கல்லை உடைத்து வயலில் பரப்பி, ஈரத்தைக் காத்து, சர்க்கரைவள்ளி விளைவித்தார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்திலுள்ள 15 பேரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான முடிவு, 1600-களில் மக்கள்தொகை சரிந்த தடயமே இல்லை என்கிறது.

சரிவு வந்தது கப்பலில். 1862-63-இல் பெருவின் ஆள்பிடிப்பவர்கள் சுமார் 1,500 பேரைக் கடத்திப் போனார்கள். திரும்பிய சிலரோடு பெரியம்மையும் இறங்கியது. 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர்.

‘அந்த இனமே இன்று இல்லை.’ இருக்கிறார்கள். 1888-இல் தீவைச் சேர்த்துக்கொண்ட சிலி, 1966-இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. 1868-இல் பிரிட்டிஷ் கப்பல் தூக்கிச் சென்ற சிலையைத் திருப்பிக் கேட்டு 2018-இல் ராப்பா நூயி குழு லண்டன் அருங்காட்சியகப் படியேறியது.