சதையுட் புகும் நகம்: வீட்டிற் செய்யத்தக்கனவும் வைத்தியரிடம் விடத்தக்கனவும்

உடலைத் தாங்குவது கால்; காலை நிலத்தில் ஊன்றி முன்செலுத்துவது பெருவிரல். அப்பெருவிரலின் ஓரத்திலே நகத்தின் சிறு கூரொன்று சதையுட் புகுந்துவிடின், பந்தடிக்கும் மாணவன் மைதானத்தை விட்டு விலகுகின்றான். நின்று கற்பிக்கும் ஆசிரியர் நாற்காலியைத் தேடுகின்றார். வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைதோறும் உலாவும் முதியவர் வீட்டோடு அடங்கிவிடுகின்றார். நோய் ஒன்றே, ஆயினும் எல்லார்க்கும் அது ஒரு தன்மைத்தன்று. நலமிக்க இளைஞனுக்கு வெந்நீரும் பொறுமையும் போதிய மருந்தாகும். நீரிழிவுடைய முதியவருக்கோ அதே நகம் விரலையும், சிலவேளை காலையும் பறிக்கவல்லது. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகத்தின் இயல்பு

மயிரும் விலங்குகளின் கொம்பும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளாகிய கெரற்றினாலேயே நகமும் ஆயது. தோலின் கீழ் மறைந்துள்ள நகமூலத்திலிருந்து அது இடையறாது வளர்ந்து முன்னோக்கி நகர்கின்றது. கைந்நகத்தினும் கால்நகம் மெல்ல வளர்வது. பெருவிரல் நகம் திங்களொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றரே வளரும். அது முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் செல்லும். ஒரு நிமிடத்திற் பிழைபட வெட்டிய நகம் பல மாதம் துன்பந் தருவதன் காரணம் இதுவே.

நகச்சுற்று என்று நாம் வழங்குவது நகத்தைச் சூழ்ந்த தோலிற் கிருமி புகுந்து வீங்குவதாகும். சதையுட் புகும் நகம் அதனின் வேறு. இங்கு முதலிற் குத்துவது நகம். கிருமி பின்னரே வந்து சேர்கின்றது. ஆதலின் குத்தும் நகத்தை நீக்காது மருந்து மட்டும் உண்பதால் நோய் முற்றும் தீராது.

காரணங்கள்

நகத்தின் மூலைகளை வளைத்து ஒட்ட வெட்டுதல் முதற் காரணம். மூலையைக் கையாற் பிய்த்தெடுத்தல் இரண்டாவது. விரல்களை நெருக்கும் சப்பாத்து மூன்றாவது. வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டுச் சப்பாத்து இவ்வாண்டு பொருந்துவதில்லை. அதனையே அணிவித்தலால் நகவோரம் சதையில் அழுந்துகின்றது. கொழும்பின் ஈரவெப்பத்திலே காலுறைக்குள் நாள் முழுதும் வியர்வையில் ஊறிய தோல் மென்மையடைதலும், பந்தாட்டத்தில் விரல் அடிபடுதலும், பிறவியிலேயே நகம் மிக வளைந்திருத்தலும் பிற காரணங்களாம். வளர்பருவத்தாரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இவற்றுட் பல ஒருங்கு சேர்தலே காரணம்.

நோயின் மூன்று நிலைகளை 1937 ஆம் ஆண்டில் ஹைபெற்ஸ் என்னும் வைத்தியர் வகுத்துரைத்தார். முதல் நிலையில் ஓரம் சிவந்து சற்றே வீங்கி, தொட்டால் நோவும். இரண்டாம் நிலையில் நோவும் வீக்கமும் மிகுந்து, நீரோ சீழோ கசியும். மூன்றாம் நிலையில் எளிதிற் குருதி கசியும் செந்தசை வளர்ந்து நகத்தின்மேற் படரும். வீட்டுச் சிகிச்சைக்குரியது முதல் நிலை ஒன்றே.

வீட்டிற் செய்யத்தக்கன

முதலாவது, கை பொறுக்கத்தக்க இளஞ்சூட்டு நீரில் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, முறைக்கு 10 முதல் 20 நிமிடம் வரை பாதத்தை ஊறவைத்தல் வேண்டும். நகமும் தோலும் இதனால் இளகும். பின்னர் விரலிடுக்குகள் உட்பட எங்கும் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சவர்க்காரமிட்டுக் கைகழுவியபின், ஓரத்துச் சதையை நகத்தினின்றும் மெல்ல விலக்கி, சுத்தமான பஞ்சை மெல்லிய திரியாக்கி நக மூலையின் கீழ்ச் செருகலாம். நகம் சதைக்கு மேலாக வளர இது வழிசெய்யும். ஒவ்வொரு முறையும் ஊறவைத்தபின் திரியை மாற்றுதல் வேண்டும். வலி மிகுமாயின் வலிந்து செருகலாகாது.

மூன்றாவது, வாசலின் சிறிது பூசிச் சுத்தமான துணியால் தளரக் கட்டலாம். நோவு தணியப் பரசிற்றமோலை வயதிற்கேற்ற அளவில் உட்கொள்ளலாம். நான்காவது, நோய் ஆறும்வரை விரலை நெருக்காத திறந்த செருப்பையே அணிதல் நன்று. ஆசிரியப் பெருமக்களுக்கும் இங்கு ஒரு விண்ணப்பமுண்டு: விரலிற் கட்டுடன் செருப்பணிந்து வரும் மாணவனை ஒழுங்கு மீறியவனாகக் கருதாது சில நாட்களுக்கு அனுமதித்தல் அவன் நோய் தீரத் துணைசெய்யும்.

இவ்வாறு செய்துவர மூன்று நான்கு நாட்களில் நோவு குறையத் தொடங்குதல் வேண்டும். குறையாதாயின் மேலும் வீட்டிற் காலம் போக்குதல் தகாது.

செய்யத்தகாதன

சவர அலகாலோ ஊசியாலோ மூலையைத் தோண்டி வெட்டுதல் பலரிடத்துங் காணப்படும் பிழை. வெட்டியவுடன் நோவு தணிவது உண்மையே. ஆயின் வெட்டுக்கு எட்டாத அடியில் முள்போல ஒரு துண்டு எஞ்சி நின்று, நகம் வளருந்தோறும் முன்னினும் ஆழமாகக் குத்தும். நகத்தின் நடுவே பள்ளம் வெட்டினால் ஓரங்கள் உள்நோக்கி இழுபடும் என்பதும் பிழையான நம்பிக்கையே. வளர்ச்சி மூலத்தில் நிகழ்வதாதலின், நுனியில் வெட்டுவது ஓரத்தின் போக்கை மாற்றாது. தேசிக்காயைக் குடைந்து விரலிற் செருகும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாக உண்டு. புண்பட்ட தோலிற் புளிச்சாறு எரிச்சலை மிகுவிக்குமேயன்றி நகத்தை நீக்காது. வீட்டில் எஞ்சிக் கிடக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்ளுதலும் தவிர்க்கத்தக்கது.

நீரிழிவுடையார் கவனத்திற்கு

நம் முன்னோர் சலரோகம் என்று வழங்கிய நீரிழிவு இந்நாட்டிற் பெருகிய நோய்களுள் ஒன்று. இலங்கையில் 2005–2006 இல் நிகழ்ந்த ஆய்வின்படி, 20 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் நூற்றுவர்க்கு ஏறத்தாழ 10 பேரும், நகர்ப்புறத்தாருள் ஏறத்தாழ 16 பேரும் அந்நோயுடையராயிருந்தனர். ஆதலின் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர்க்கு இப்பகுதி நேரே உரியதாகும்.

நீரிழிவு நாட்பட நாட்படப் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன, குருதியோட்டம் குன்றுகின்றது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கின்றது. வலி என்பது உடலின் காவலாளன். இளைஞனுக்கு அக்காவலாளன் இரவும் உறங்கவிடாது எச்சரிக்கின்றான். நீரிழிவுடையார்க்கோ அவன் உறங்கிவிடுகின்றான். நகம் குத்துவது தெரியாமலே புண் ஆழ்ந்து, கிருமி எலும்பை எட்டி, ஈற்றில் விரலையோ காலையோ துண்டிக்க நேர்வதுண்டு. 'நோவில்லை, ஆதலின் குற்றமில்லை' என்னும் எண்ணமே அவர்க்குப் பெரும் பகை.

ஆகவே நீரிழிவுடையாரும், கால்களிற் குருதியோட்டக் குறையுடையாரும் மேற்கூறிய வீட்டுச் சிகிச்சைகளைத் தாமே செய்யலாகாது. வெந்நீர் சுடுவதைக்கூட அவர் பாதம் உணராதிருக்கலாம். நகவோரம் சிவந்த முதல் நாளே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நாள்தோறும் பாதங்களை ஒளியிற் பார்த்தல் கடன். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அன்றிப் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். ஆடிவேல் விழாவிற் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை தேரின் பின்னே வெறுங்காலுடன் நடப்பது நம் மரபு. உணர்விழந்த பாதமுடையார் அத்தகைய நெடுநடையைத் தவிர்த்துக் கோயிலிலேயே வழிபடுவது நன்று. வெறுங்காலுடன் கோயில் வீதி சுற்றிய நாளிலும் வீடு திரும்பியவுடன் பாதத்தைக் கவனித்தல் வேண்டும்.

வைத்தியரை நாடவேண்டிய குறிகள்

சீழ் காணுதல்; செந்தசை வளர்தல்; சிவப்பு விரலைக் கடந்து பாதத்திற் பரவுதல்; காய்ச்சல்; நடக்கவியலாத நோவு; விரல் கறுத்தல்; ஒருமுறை ஆறியபின் மீண்டும் மீண்டும் வருதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியரை நாடுக. சிவப்பு விரைந்து பரவுமாயினும், காய்ச்சலும் உடன் வருமாயினும் அன்றைக்கே செல்லுதல் வேண்டும். அடிபட்ட நினைவில்லாது நகத்தின்கீழ்க் கருங்கோடு தோன்றி அகலுமாயின், அரிதாக அது புற்றுநோயாகவும் இருத்தல் கூடுமாதலின் அதனையும் காட்டுதல் வேண்டும். கொட்டாஞ்சேனையிலுள்ளார்க்குக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையிலுள்ளார்க்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையும் தொலைவிலில்லை. அவற்றின் வெளிநோயாளர் பிரிவிற் கட்டணமின்றிக் காட்டலாம்.

சத்திர சிகிச்சை என்றதும் அஞ்சுவாருளர். அஞ்ச வேண்டுவதில்லை. விரலை மரக்கச்செய்து, குத்தும் ஓரத்து நகத்தை மட்டும் ஒரு கீற்றாக நீக்குவர். அவ்வோரம் மீண்டும் வளராதவாறு அதன் மூலத்திற் பீனோல் என்னும் மருந்தையும் இடுவதுண்டு. இம்முறையை போல் என்பவர் 1945 இல் வெளியிட்டார். முழு நகத்தையும் வெறுமனே பிடுங்கிவிடுதலைக் காட்டிலும் இதனால் நோய் மீளுதல் குறைவு. சிகிச்சை பெற்றவர் அன்றே வீடு திரும்பலாம்.

பீனோல் நமக்குப் புதியதன்று. பழைய கார்போலிக் அமிலமே அது. கிளாஸ்கோவிலே லிஸ்ரர் அதனைக் கொண்டு புண்களைக் கிருமியினின்றும் காத்த வரலாற்றை 1867 இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 'இரண வைத்தியம்' என்னும் சத்திர வைத்திய நூலைத் தமிழில் வெளிப்படுத்தினார். புண்ணை ஆற்றும் அறிவு தமிழிற் கிடைத்தல் வேண்டும் என அயல்நாட்டாரொருவர் உழைத்த நாட்டிலே, அறியாமையால் ஒருவர் தம் காலை இழத்தல் தகுமோ?

வருமுன் காத்தல்

நகத்தை நேராக வெட்டுக. மூலைகளைச் சதைக்கு வெளியே விடுக. விளக்கு வைத்தபின் நகம் வெட்டலாகாது என்று பாட்டிமார் கூறுவர். நல்லொளியில் வெட்டுக என்னும் பயனை அதனிற் கொள்ளலாம். சப்பாத்தை மாலையில் வாங்குக. பகல் முழுதும் நடந்தபின் பாதம் சற்றே பருத்திருக்கும். விரல் அசைய இடமுள்ளதையே தெரிக. காலுறையை நாள்தோறும் மாற்றுக.

மாணவர் இவற்றை இன்றே பழகுக. பழைய மாணவர் இன்றிரவு உறங்கச் செல்லுமுன் தம் பாதங்களை ஒருமுறை உற்றுநோக்குக. அடுத்த விழாவிலும் நாமெல்லாம் நம் சொந்தக் கால்களால் நடந்து வந்து கல்லூரி வாயிலிற் சந்திப்போமாக.