கேரளத்து அஞ்சுநாட்டு மலையூர்களில் பொன்னுக்கு வீங்கி: மருத்துவர் பதில்கள்

கேள்வி (காந்தலூர்): கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் பொன்னுக்கு வீங்கி வடியும் என்பது உண்மையா?

பதில்: சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் வீக்கம் ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடிந்துவிடுவதால்தான் சங்கிலிக்கு இந்தப் பெருமை கிடைத்தது.

கேள்வி (கீழாந்தூர்): கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரமே இருக்கிறது. ஊரில் சில பிள்ளைகளுக்கு முண்டிநீர் (பொன்னுக்கு வீங்கி) கண்டிருக்கிறது. வீக்கம் உள்ளவர்கள் மட்டும் வராமல் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. காதுக்கு முன்னும் கீழும் அமைந்த உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நோயாளியின் எச்சிலில் வைரஸ் வெளிப்பட்டுப் பிறருக்குத் தொற்றுகிறது. தொற்றியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வீக்கமே தோன்றுவதில்லை. ஆகவே கன்னத்தைப் பார்த்து ஆளைத் தடுக்கும் ஏற்பாடு, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவதாகவே முடியும். நோயரும்பும் காலம், அதாவது கிருமி புகுந்த நாளுக்கும் வீக்கம் தோன்றும் நாளுக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் 16 முதல் 18 நாள். இன்று தொற்றும் பிள்ளைக்குத் திருவிழா நெருங்கும்போதுதான் கன்னம் வீங்கும்.

நெருங்கி வாழும் சமயச் சமூகத்தில் இந்நோய் எப்படிப் பரவும் என்பதற்கு நியூயார்க் வட்டார யூதர்களின் அனுபவம் தெளிவான சான்று. 2009 ஜூனில் பிரிட்டனிலிருந்து திரும்பிய 11 வயதுச் சிறுவன் கோடை முகாமொன்றில் கலந்துகொண்டதிலிருந்து தொடங்கிய நோய், ஓராண்டில் 3,502 பேரைப் பற்றியது. அவர்களில் 97 விழுக்காட்டினர் வைதிக யூதர்கள். தடுப்பூசி விவரம் தெரிந்த 13 முதல் 17 வயது நோயாளிகளில் 89 விழுக்காட்டினர் இரண்டு தவணை ஊசியும் போட்டிருந்தவர்கள். அவர்களுடைய வேதபாடசாலையில் மாணவர்கள் இருவர் இருவராகக் குறுகிய மேசையின் இருபுறமும் அமர்ந்து, முகத்துக்கு முகம் மணிக்கணக்கில் உரக்க வாதிட்டுப் படிப்பது மரபு. அவ்வளவு அருகில், அவ்வளவு நேரம் தெறிக்கும் எச்சில், ஊசி தந்த காப்பையும் மீறியது. சுற்றியிருந்த பிற மக்களிடம் நோய் பெரிதாகப் பரவவில்லை என்பதால் ஊசி பயனற்றது என்று வாதிடவும் இடமில்லை. வேதமோ வழிபாடோ அங்கே குற்றவாளி அல்ல, மேசையின் அகலமே குற்றவாளி.

கொள்வினை கொடுப்பினையால் பின்னிக் கிடக்கும் மலையூர்களும் திருவிழாவை நிறுத்த வேண்டியதில்லை. பானகப் பானையருகே ஒரே டம்ளரைக் கைமாற்றும் பழக்கத்தை விட்டு ஆளுக்கொரு குவளை வைப்பதும், பஜனை ஒத்திகையைக் கதவடைத்த கூடத்திலிருந்து வெளிமுற்றத்துக்கு மாற்றுவதும், வெளியூர்ப் பிள்ளைகளை ஒரே பாயில் வரிசையாகப் படுக்கவைக்காமல் இருப்பதும், வீங்கியவரை ஐந்து நாள் வீட்டில் தனித்து வைப்பதும் செலவில்லாத காரியங்கள். மருத்துவர் சொன்னால் கேளாத ஊர் கோயில் மைக்கில் சொன்னால் கேட்கும் என்பதால், அறிவிப்பைப் பூசாரியே செய்வது நலம்.

கேள்வி (மறையூர்): பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எல்லா ஊசியும் போட்டதாக இருக்கிறது. இனிப் பயமில்லைதானே?

பதில்: அட்டையைப் பத்திரமாக வைப்பவர்கள் அதை ஒருமுறை வாசிப்பதும் நல்லது. அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டை மட்டுமே தடுக்கும். பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுப்பது எம்.எம்.ஆர்., அது தனியார் மருத்துவமனையில் காசுக்குத்தான் கிடைக்கிறது. 2024 மார்ச் முன்பாதிக்குள்ளேயே கேரளத்தில் 11,000-க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஊசிக்கு ஓடுவதில் பயன் குறைவு. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி ஆகாது.

கேள்வி (உடுமலைப்பேட்டை): அடுத்த மாதம் திருமணம் ஆகவுள்ள இளைஞருக்குப் பொன்னுக்கு வீங்கியோடு ஒரு பக்க விதையும் வீங்கியிருக்கிறது. வாரிசு இல்லாமல் போகுமா?

பதில்: அஞ்ச வேண்டாம். பருவமெய்திய ஆண்களிடம் இது அரிதன்று. பெரும்பாலும் ஒரு பக்கமே வீங்கும், முழு மலட்டுத்தன்மை மிக அரிது. ஓய்வும் வலி மாத்திரையும் போதும், முகூர்த்தத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, காது மந்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி (காந்தலூர்): நோயுற்ற பிள்ளைக்குத் தோட்டத்துப் பழங்கள் தரலாமா?

பதில்: புளிப்பு உமிழ்நீரைத் தூண்டி வலியைக் கூட்டுவதால் ஆரஞ்சும் பிளம்ஸும் ஒரு வாரம் மரத்திலேயே இருக்கட்டும், ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, ஆஸ்பிரின் கூடாது.