மாந்தளிரும் நம் தோலும்

"நாம் கறுப்பு, நமக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று பினாங்கு நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இக்கூற்றில் பாதிதான் உண்மை.

ஜார்ஜ் டவுன் நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் நம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். வெப்பமண்டலத்தில் ஓசோன் படலம் இயல்பாகவே மெல்லியது. ஆகவே தெளிந்த வானமுள்ள நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்குப் புதுமையன்று. மெல்லிய மேகம் வெப்பத்தைக் குறைக்குமே தவிர, இக்கதிரைப் பெரிதாகத் தடுக்காது.

இக்கதிர் செய்யும் கேடு நுட்பமானது. டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களை அது ஒட்டிவிடுகிறது. செல் தன்னைப் படியெடுக்கும்போது அவ்விடத்தில் பிழை நேர்கிறது. தாவரங்களும் மீன்களும் தவளைகளும் நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே அந்த ஒட்டைப் பிரிக்கும் ஒரு நொதியைப் பெற்றுள்ளன. மனிதருக்கு அது இல்லை. பழுதான துண்டை வெட்டி எறிந்து, புதிதாக நிரப்புகிறோம். இவ்வழியை விளக்கியதற்காக அசீஸ் சன்ஜார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓட முடியாத மரம் என்ன செய்யும்? மாமரத்தைப் பாருங்கள். இளந்தளிரின் செம்பு நிறம், பச்சையம் முதிரும் வரை மிகை ஒளியைத் தணிக்கும் நிறமி. கண்ணுக்குத் தெரியாத ஃபிளேவனாய்டுகள் இலையின் மேல்தோலில் நின்று புற ஊதாவை உறிஞ்சுகின்றன. சங்கப் புலவர்கள் தலைவியின் நிறத்தை மாந்தளிரோடு ஒப்பிட்டு மாமை என்றார்கள். அந்த ஒப்புமை அறிவியலுக்கும் பொருந்துவது எனக்கு வியப்பு!

நம் தோலில் அவ்வேலையை மெலனின் செய்கிறது. அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. உற்பத்தியின் அளவும் வகையுமே வேறு. செல்லுக்குள் அது உட்கருவின் மேல், வெயில் படும் பக்கமாகக் குடைபோல் கவிந்திருக்கிறது. சிவப்பழகுக் களிம்பு பூசுவோர் காசு கொடுத்துச் சுருக்குவது இந்தக் குடையைத்தான்.

ஆனால் தோலின் கருமை கண்ணைக் காப்பதில்லை. தெலுக் பஹாங் மீனவர்போல் நாளெல்லாம் கடலில் இருப்போருக்கு, நீரில் பட்டுத் தெறிக்கும் கதிரும் சேர்ந்துகொள்கிறது. வெண்விழியிலிருந்து கருவிழிமேல் சதை படர்வதும் கண்புரையும் இதனால் கூடும். அகன்ற விளிம்புள்ள தொப்பியும், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் போதும். தடுப்புத் திறன் இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருளில் கண்மணி விரிந்து கதிருக்கு வழிவிடும்.