பக் நாயை நடத்த நிமிஷக் கணக்கு உதவாது

வீட்டில் பக் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் கேட்பது, தினமும் எத்தனை நிமிஷம் வாக்கிங் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான். நிமிஷக் கணக்கு வைத்து நடத்தக்கூடிய நாய் இல்லை இது. எங்கள் வீட்டு பக் மிளகை நான் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நடத்துகிறேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பக்கைக் கூட்டிப்போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2003 வாக்கில் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பையன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னாலேயே போகும். நம்மூரில் பக் மேல் ஆசை பெருகியது அதற்குப் பிறகுதான். அதில் காட்டிய குணம் நிஜம். பக் நம்மை விட்டுப் பிரியாது. மூச்சு முட்டினாலும் பின்னாலேயே வரும். தெருநாய் வெயில் ஏறியதும் தானாகவே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக் தானாக நிற்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். எனவே நிறுத்த வேண்டிய பொறுப்பு கயிற்றைப் பிடித்திருப்பவருடையது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது வாயிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாகி உடல் சூடு இறங்கும். பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ போன்ற தட்டை முக நாய்களுக்கு முக எலும்பு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளை வெறும் கீறலாக இருக்கும். அண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு மூச்சுப் பாதையை அடைக்கும். காற்று போக வழியில்லாததால் இரைப்பதே கடும் உழைப்பாகி, அந்த உழைப்பே இன்னும் சூட்டைக் கிளப்பிவிடும். பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி காலேஜ் தொடர்புடைய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. அதன்படி, நாய்களுக்கு வெப்ப பாதிப்பு வந்ததில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவை ஓட்டம், நடை போன்ற உடற்பயிற்சியால் வந்தவை. பூட்டிய காரில் விட்டதால் வந்தவை அதைவிட மிகக் குறைவு. அதுவும் பிரிட்டனின் குளிரில்!

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எனக்குப் பயம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால், நாய் எவ்வளவு இரைத்தாலும் நாக்கின் ஈரம் ஆவியாகாது. வாசலில் இறங்கி நின்றதுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு மிளகுக்கு வாக்கிங் இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வந்துவிடுவாள். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். சாயங்காலம் வெயில் இறங்கிவிட்டதே என்று கூட்டிப்போகிறவர்கள் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. போதாததற்கு, பக்கின் வயிறு அந்தச் சூட்டுக்கு ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது.

நடக்கும்போது எதைக் கவனிப்பது? மிளகு சாதாரணமாக நடந்தால் லேசான இரைப்பு மட்டும் கேட்கும். சூடு ஏறும்போது முதலில் நாக்கின் நுனி அகலமாகி மேல்நோக்கி வளையும். வாயோரங்கள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இரைப்புக்குள் ரம்பம் அறுப்பதுபோல ஒரு கரகரப்பு சேரும். அந்தக் கரகரப்பு கேட்ட இடத்திலேயே நிழல் பார்த்து நின்றுவிடுவேன். கொஞ்சம் தண்ணீர் காட்டி, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, அப்படியே வீடு திரும்புவோம். வீட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும் இடத்தில் இப்படி ஆனால் தூக்கிக்கொள்வேன். எட்டுக் கிலோவுக்குள் இருக்க வேண்டிய நாய்தான், தூக்கலாம். எச்சில் கெட்டியாகி நுரைத்தாலோ, முன்னங்கால்களை அகட்டி நின்றாலோ, நடை தள்ளாடினாலோ ஆபத்து. ஈறு செங்கல் நிறத்துக்கோ நீலத்துக்கோ மாறினால் ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம்.

அப்போது செய்ய வேண்டியது: முதலில் குளிர்விப்பது, பிறகு ஆஸ்பத்திரி. குழாய்த் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ, கையில் கிடைப்பதை உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரைப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். ஏசி போட்ட காரில் கூட்டிப்போங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

கழுத்துப் பெல்ட்டில் கயிறு கட்டாதீர்கள். ஏற்கெனவே குறுகிய மூச்சுக்குழலை அது நெரிக்கும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போதும். நடந்து வந்த சூட்டில் சாப்பாடு வைத்தால் பல பக்குகள் நுரையோடு கக்கிவிடும். முட்செடிப் பக்கம் விடாதீர்கள், வெளியே துருத்திய கண்ணில் எளிதில் கீறல் விழும். எடை ஏறினால் தொண்டையிலும் கொழுப்பு சேரும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் வீட்டுக்குள்ளேயே பயிற்சி. பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிப் போட்டால், மிளகு மோப்பம் பிடித்து ஒவ்வொன்றாக எடுப்பாள். முடிந்ததும் திருப்தியாகத் தூங்கிவிடுவாள். பந்தெறிந்து ஓடவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். பந்தைப் பார்த்த பக் நிறுத்தத் தெரியாமல் ஓடும்.

இந்த மூச்சு அடைப்பை அளக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வகுத்த பரிசோதனை ஒன்று உண்டு. நாயை மூன்று நிமிஷம் வேகநடையாக ஓட்டி, அதற்கு முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்டு, பூஜ்யம் முதல் மூன்று வரை தரம் பிரிப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டுச் சொல்லும்படி உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள். அடைப்பு அதிகம் என்றால் மூக்குத் துளையை அகலமாக்கவும் அண்ணச் சதையைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. குறட்டைதான் பக்குக்கு அழகு என்று விட்டுவிடாமல், கோடைக்கு முன்பே, பிப்ரவரியிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.